கதவுப் பாலம்

“கடைசி இடத்தை விட்டுரலாம். மணி அஞ்சாகப் போகுது.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க, தலைவர் ஐயா.”

“போன வருஷமும் மணி அஞ்சாச்சேம்மா!”

வேனுக்குள் சிரிப்பு எழுந்தது. தையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பகுதி வளர்ச்சி நிதியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் ஏழு பேர் கொண்ட நகர மன்றக் குழு அது. வருடத்துக்கு ஒரு நாள், ஒரே வேனில், ஊரைச் சுற்றிப் பார்க்கும். எந்த இடம் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். குழுவில் ஒருத்தியான தையல்காரியின் பகுதிக்கு மூன்று வருடமாகக் கடைசிச் சீட்டு.

“நேர்ல பாக்காட்டி என்ன? பாலம் கேட்டு மனு குடுத்திருக்கேன், படம் குடுத்திருக்கேன். ஓட்டுக்கு விடுங்க.”

“முடியாது.” பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. “குழு காலால மிதிக்காத இடத்துக்கு நிதி கிடையாது. பதினேழாவது விதி.”

அவரைத் தவிர யார் அப்படிப் பேசப் போகிறார்கள்? இருபது வருடம் மெக்கானிக் ஷெட் நடத்தியவர். மன்றத்துக்கு வந்தபின் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே ‘சட்டம்’.

“கால்வாய் மேல கிடக்கிற அந்தப் பலகையில ரெண்டு பிள்ளைங்க வழுக்கி விழுந்து எந்திரிச்சிருக்காங்க, ஐயா. மூணாவது பிள்ளையும் எந்திரிக்கணும்னு என்ன கட்டாயம்?”

வேன் கால்வாய்க்கரைச் சாலையில் மன்றத்தை நோக்கித் திரும்பியது. இரண்டு முறை விக்கியது. மூன்றாவது முறை நின்றேவிட்டது.

தையல்காரிதான் முதலில் குதித்து இறங்கினாள். டிரைவர் பானட்டைத் தூக்கியிருந்தான்.

“வண்டிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உனக்கு? பெரிய மனுஷங்க ஏறுற வண்டியா இது?” என்று அவள் போட்ட சத்தத்தில், எதிர்க்கரை வீடுகளின் ஜன்னல்கள் திறந்துகொண்டன.

டிரைவர் தலையைச் சொறிந்தான். தலைவர் தன் பங்குக்கு, “உன்னை வச்சுக்கிட்டு உன் வீட்டுல எப்படிப்பா காலம் தள்ளுறாங்க?” என்றார்.

“என் பொண்டாட்டி பொறுமைசாலி, ஐயா.”

தையல்காரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டம் மெதுவாக இறங்கி வந்தார். பானட்டுக்குள் தலையை நுழைத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “இது இப்போதைக்கு ஓடாது,” என்றார்.

பஸ் பிடிக்கக் கால்வாயைத் தாண்டி, எதிர்க்கரைத் தெரு வழியே பெரிய சாலைக்குப் போக வேண்டும். தாண்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு பலகை. பலகைகூட இல்லை, யாரோ கழற்றிப் போட்ட பழைய வீட்டுக் கதவு. கைப்பிடி இன்னும் அப்படியே இருந்தது.

“இதுலயா?” என்றார் தலைவர்.

“இதுலதான் எங்க பிள்ளைங்க தினமும் பள்ளிக்கூடம் போகுது, ஐயா.”

ஒவ்வொருவராகக் கதவின் மேல் ஏறினார்கள். தலைவர் பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். தையல்காரி ஒரு கை, எதிர்க்கரையில் நின்ற சலவைக்காரர் ஒரு கை என்று பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கடைசியாக வந்த சட்டம் வழுக்கி, முழங்கால்வரை சாக்கடையில் இறங்கி, ஒரு செருப்பை அதற்கே காணிக்கையாக்கிவிட்டுக் கரையேறினார்.

மூச்சு வாங்க நின்ற ஆறு பேரையும் தையல்காரி பார்த்தாள்.

“எல்லாரும் காலால மிதிச்சாச்சு. பதினேழாவது விதி சரியாப் போச்சா?”

தலைவர் சட்டத்தைப் பார்த்தார். சட்டம் சேறு சொட்டும் காலைத் தூக்கிக் காட்டினார். “மிதிச்சதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?”

சலவைக்கடை வாசலிலேயே ஓட்டெடுப்பு நடந்தது. ஏழு கைகள் உயர்ந்தன. ஜன்னல்களிலிருந்து கைதட்டல் எழுந்தது. ஒரு சிறுமி ஓடிவந்து, “அக்கா, கைப்பிடி வச்ச பாலமா?” என்று கேட்டாள். “ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச பாலம்டி!” என்று அவளைத் தூக்கிச் சுற்றினாள் தையல்காரி.

குழு பஸ் ஏறப் போனதும், அவள் கதவின் மேல் ஏறக்குறைய ஓடியே வேனுக்குத் திரும்பினாள். பைக்குள்ளிருந்த ஊசி டப்பாவைத் திறந்தாள். பானட்டைத் தூக்கியபோது அவன் கழற்றி அவள் கையில் திணித்த ஃபியூஸைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து எடுத்து அவனிடமே நீட்டினாள்.

“இந்தாங்க. சீக்கிரம் மாட்டிட்டு வீட்டுக்கு வாங்க.”

“ஊர் முன்னால கட்டின புருஷனை அந்தத் திட்டா திட்டுவே?”

“திட்டாம கொஞ்சியிருந்தா நம்பியிருப்பாங்களா?”

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒற்றைச் செருப்போடு சட்டம் நின்றுகொண்டிருந்தார். கையில் விதிப்புத்தகம். கிடைத்த பாலம் கைநழுவிப் போகிற சத்தமே தையல்காரியின் காதில் கேட்டது.

“இருபது வருஷம் வண்டி பிரிச்சவன் நான். ஃபியூஸ் இல்லாத பொந்து என் கண்ணுக்குத் தெரியாதா?” என்றார் அவர். “வண்டிய நிறுத்தக்கூடாதுன்னு இதுல எங்கயாவது போட்டிருக்கான்னு முழுசாத் தேடிட்டேன். இல்ல.”

புத்தகத்தை மூடி இடுப்பில் செருகினார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த வாரம் குடிநீர்க் குழுவுக்கும் இதே வேன்தானாமே. எங்க தெருவுல தண்ணி வராத குழாய்க்கு நேரா ஒரு அரை மணி நேரம் நிக்குமா, தங்கச்சி?”