சோதனைத் திருட்டு

வாடிக்கையாளர் விவரங்களைத் திருடி விற்றதாக மேலாளர் சற்குணம் கைகாட்ட, எசக்கியம்மாளின் தம்பி வேலையிழந்து செங்கல் சூளைக்குப் போனான். அதே நிறுவனத்தின் இணையச் செயலியில், விவரங்களை யார் அள்ளினாலும் மணியடிக்கும் காவல் நிரலைப் பொருத்த இன்று அவள் வந்திருக்கிறாள்.

“எம் பேர மட்டும் அதுல சேக்காம விட்டுரும்மா” என்றார் சற்குணம், ரகசியமாக. சொன்னபடியே சேர்க்காமல் விட்டாள். இனி அவர் அள்ளினால் மணி ஊமை.

முதலாளி வந்தார். “மணி அடிக்குமா?”

“திருடிப் பாத்தாத்தான்யா தெரியும்.” நாற்காலியைச் சற்குணத்தின் பக்கம் தள்ளினாள். “சாரே அள்ளட்டும். பழகுன கை.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சற்குணத்தின் விரல் மவுஸுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை.

“அமுக்குங்க சார்” என்றாள் எசக்கியம்மாள். “எந்தம்பி சூளையில காத்துக் கெடக்கான்.”