அழாத பிள்ளை

"ஊசி போடவே இல்லைங்க மிஸ்ஸி! சும்மா ஏமாத்தாதீங்க!"

வினோஜன் போட்ட சத்தத்தில் தோட்டத்துக் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. தேயிலை பெக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன். மெதுவாகப் பேச வராது என்று விட்டுவிடலாம்.

அவன் மிஸ்ஸி என்று கூப்பிட்ட குடும்பநல மாது யோகராணி யாழ்ப்பாணத்துக்காரி, தோட்டத்துக்குப் புதுசு.

"என்ன தம்பி சொல்லுறீங்கள்? இப்பதானே பிள்ளைக்குத் தொடையில போட்டனான்."

"போட்டா அழுவும்ல? நான் வாசல்லதான் நின்னேன். ஒரு சத்தமும் வரலையே! அழலைன்னா ஊசி ஏறலைன்னுதான் அர்த்தம். எங்க லயத்து வீடுகள்ல யாரை வேணுன்னாலும் கேளுங்க!"

"தாய்ப்பால் குடிச்சுக்கொண்டிருக்கேக்க ஊசி போட்டா, பிள்ளைக்கு நோ குறையும். அதுதான் அழேல்லை."

"என்னாது?"

யோகராணி கிட்டே வந்து அதையே உரக்கச் சொன்னாள்.

"பச்சப்புள்ளைக்கு வலியாவது, ஒண்ணாவது! அதுக்கு என்னா தெரியும்?"

"ஒண்டும் தெரியாதெண்டா, பிறகேன் அழேல்லை எண்டு சண்டைக்கு வாறீங்கள்?"

பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், அவனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"லக்சனா, புள்ளையத் தூக்கு! டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அங்க இன்னொருக்கா போட்டுக்குவோம்."

அவன் மனைவி லக்சனா, பால் குடித்த மயக்கத்தில் தூங்கும் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க, என் கண்ணு முன்னாலதாங்க போட்டாங்க. பாவங்க, மறுபடியும் குத்தணுமா?"

அந்த நேரம் பார்த்து, உள்ளே இன்னொரு மிஸ்ஸி, பிரியந்தி என்ற தாயின் பிள்ளைக்கு ஊசி போட்டாள். ஆட்கள் முன்னால் பால் கொடுக்க வெட்கப்பட்டுச் சும்மா மடியில் வைத்திருந்தாள் பிரியந்தி. பிள்ளை வீல் என்று அலறியது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளும் விழித்துக்கொண்டன.

"இது என்னா கிளினிக்கு மிஸ்ஸி?" வினோஜன் விடவில்லை. "காலையில இருந்து ஒரு புள்ளகூட அழலையே!"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

லக்சனாதான் கிட்டே வந்து அவன் காதுவரை இழுத்துவிட்டிருந்த கம்பளித் தொப்பியைத் தூக்கினாள். இரண்டு காதிலும் பஞ்சு!

"ப... பனிக்கு வச்சேன்."

"இந்த வெயில்லயா? புள்ள அழுறதக் கேக்க முடியாதுன்னு அடைச்சுக்கிட்டீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் இரண்டு பஞ்சையும் பிடுங்கிப் போட்டாள்.

பிரியந்தியின் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. வினோஜனின் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ மிஸ்ஸி, அந்தப் புள்ளைக்கு வலிக்குதுங்க! சீக்கிரம் பால் குடுக்கச் சொல்லுங்க!"