கேக்குதா, இல்லையா?

"கேக்குதா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுய்யா!"

இன்ஜினியர் கத்திய கத்தலில், மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இடிந்து கிடந்த நான்கு மாடிக் கட்டடத்தின் மேல் காதுக்காரர் குப்புறப் படுத்திருந்தார். குடிநீர்த் துறையில் அவருக்கு வேலையே இதுதான். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தாரென்றால், பூமிக்கடியில் குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லிவிடுவார். இப்போது அதே கம்பியை, அடித்தளத்துக்குள் இறங்கும் ஒரு குழாயின் மேல் வைத்திருந்தார்.

மெல்ல எழுந்தார்.

"கேக்குது சார். டொக்கு டொக்குன்னு கீழ ஆள் தட்டுறார்."

"அப்புறம் என்ன வேடிக்கை? குனிஞ்சு அள்ளுங்க!"

கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு இன்ஜினியர் நகர்ந்தார். சில பேருக்குத் தொண்டையிலேயே மிளகாய் அரைத்து வைத்திருக்கும். அந்த ரகம்.

இடிபாட்டைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் கணவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். நேற்றுக் காலை அடித்தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் கட்டடம் சரிந்தது. கூட இருந்த இரண்டு பேரை நேற்றே வெளியே எடுத்துவிட்டார்கள். இருவருக்கும் உயிர் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காது வைத்துக் கேட்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சத்தம் வந்தால் கையால் தோண்டலாம். வரவில்லையென்றால் பெரிய இயந்திரம் உள்ளே இறங்கும். அது இறங்கிவிட்டால் கீழே இருப்பவன் மண்ணோடு மண்தான். இயந்திரம் தெருமுனையில் தயாராக நின்றுகொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த அவளுடைய தம்பி பல்லைக் கடித்தான். அவனும் விடிந்ததிலிருந்து மண் அள்ளுகிறான்.

"அந்த இன்ஜினியருக்கு எப்படா சத்தம் நிக்கும்னு இருக்குக்கா. போன்ல யார்கிட்டயோ, 'நாளைக்குள்ள முடிச்சுடறேன் சார்'னு குழையறான்."

"அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க கிடையாதாடா? கல்நெஞ்சுக்காரன்!"

அடுத்த முறை இன்ஜினியர் அந்தப் பக்கம் வந்தபோது அவள் கயிற்றைத் தாண்டி ஓடினாள்.

"சார், ஒரே ஒரு தடவை நானும் காதை வச்சுக் கேக்கறேன் சார். அவர் தட்டுற சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் போதும்."

"அதெல்லாம் முடியாது. கயித்துக்கு அந்தப் பக்கம் போம்மா."

முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். சுற்றி நின்றவர்களும் தங்கள் பங்குக்குச் சேர்ந்து திட்டினார்கள்.

மூன்றாம் நாள் காலை தம்பியின் உள்ளங்கை இரண்டும் கிழிந்துபோயின. துணியைச் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"முடியலைக்கா. சத்தியமா முடியலை."

இன்ஜினியர் எங்கிருந்துதான் வந்தாரோ, நேராக அவன் முன்னால் வந்து நின்றார்.

"கேக்குதுன்னு இப்பத்தானே சொன்னார்? உங்க மாமா கீழ விடாம தட்டிக்கிட்டிருக்கார். நீ மேல உக்காந்து கையைப் பாத்துக்கிட்டிருக்க. வெக்கமா இல்ல?"

தம்பி கெட்ட வார்த்தை ஒன்றை முனகிக்கொண்டே எழுந்து போய்க் குனிந்தான். அவன் குனிந்ததைப் பார்த்து, உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நான்கு பேரும் குனிந்தார்கள்.

மதியம் குரல் எழுந்தது.

"கால் தெரியுது! கால் அசையுதுய்யா!"

உயிரோடுதான் எடுத்தார்கள். ஆனால் வலது கையை டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை. டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம் என்று அவள் அன்று முழுவதும் அழுதாள். ஆள் இருக்கிறாரே என்று நினைத்துத் திரும்பவும் அழுதாள்.

மறுநாள்தான் அவனால் பேச முடிந்தது.

"மேல மண்ணு அள்ளுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நம்மள விட்டுட்டுப் போயிடலைன்னு, அதையே பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"நீங்க விடாம தட்டினதாலதாங்க அவங்களும் விடாம தோண்டினாங்க."

அவன் அவளை விழித்துப் பார்த்தான்.

"நானா? விழுந்தப்பவே ரெண்டு கையும் தூணுக்கு அடியில மாட்டிக்கிச்சே. நான் எங்க தட்டினேன்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்தாள். விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்த காதுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவர் தட்டவே இல்லையாம்ணே! அத்தனை தடவையும் பொய் சொல்லி என் தாலியைக் காப்பாத்தியிருக்கீங்க. ஒரே ஒரு தடவை அந்தக் கல்நெஞ்சுக்காரன்கிட்ட உண்மையைச் சொல்லியிருந்தீங்கன்னா..."

காதுக்காரர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சொன்னேம்மா. முதல் தடவையே அவர் பக்கத்துல போய், 'ஒரு சத்தமும் இல்ல சார்'னு ரகசியமா சொன்னேன்."

"சொன்னீங்களா?"

"ஆமா. 'சத்தம் வரலைன்னா செத்துட்டான்னு அர்த்தமா? போய்ப் படு. நான் ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவேன். நீ கேக்குதுன்னு மட்டும் சொல்லு, அள்ளுறவன் கை ஓயாது'ன்னு சொன்னதே அந்தக் கல்நெஞ்சுக்காரர்தாம்மா."