போதகர் விழுங்கிய வார்த்தை

"கையில பிளாஸ்டிக் மூளை, கக்கத்துல பைபிள். நல்ல பிழைப்பு!"

சபைக் கூடத்தில் நடந்த குடிமீட்புக் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருந்த ரிட்டையர்டு டிரில் மாஸ்டருக்கு மேடையில் நின்ற போதகரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"சின்ன வயசுல பட்ட பயம் மூளையில இந்த இடத்துல தங்கிடும். அதை அமுக்கத்தான் நாம குடிச்சோம்" என்றார் போதகர்.

"குடிக்கிறதுக்கு இப்படி ஒரு சாக்கா? நாலு விளாசு விளாசினா மூளை தானா வழிக்கு வரும். நான் பெல்ட்டுல கை வெச்சாலே ஸ்கூலே கப்சிப்!"

பக்கத்தில் இருந்த அம்மாள் முகம் சுளித்தாள். "மெதுவாங்கய்யா. குடியில கிடந்த என் மகனை மீட்டவர் அவர். உங்க வீட்ல யாருக்குப் பிரச்சினை?"

"மகன்னு ஒருத்தன் இருந்தான். பன்னிரண்டு வருஷம் முன்னாடி குடிச்சிட்டு எங்கயோ தொலைஞ்சான்."

ஜெபம் தொடங்கியது. 'எங்கள் பிதாவே' என்ற இடத்தில் போதகர் வாயை மூடிக்கொண்டார். 'உம்முடைய நாமம்' வந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டார்.

மாஸ்டர் சிரித்தார். "கர்த்தர் கத்துக்கொடுத்த ஜெபத்தையே முழுசாச் சொல்லத் தெரியலை. இவரு ஊரைத் திருத்துறாராம்!"

"தெரியாம இல்லைங்கய்யா. பிதான்னு சொன்னா இன்னும் அவருக்கு உடம்பு நடுங்குதாம். அவங்கப்பா அந்த அடி அடிச்சிருக்காரு."

மாஸ்டர் விருட்டென்று எழுந்தார்.

"சுத்தப் பொய்! நான் அடிக்கும்போது அவன் ஒருநாளும் நடுங்கினதே கிடையாது!"