எண்ணெய் இறங்கிய இடம்

"இந்த அலமாரிக்குள்ள யாராவது எண்ணெய் கொட்டினீங்களாம்மா?"

பாலிஷ்காரர் கேட்டதற்கு வீட்டுக்கார அம்மாள் இல்லையென்று தலையசைத்தாள். வெளிப்பக்கம் பளபளத்ததைப் பார்த்து, வருகிற மருமகள் முகம் பார்க்கக் கண்ணாடியே கேட்க மாட்டாள் என்று சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை மறுநாள் கல்யாணம். புதுப்பெண்ணின் துணிமணிகள் இந்த அலமாரிக்குத்தான் வரப்போகின்றன. கூலியே பேசாமல் அவர் கையில் எடுத்த வேலை இது. ஒரு புள்ளி குறை இருக்கக்கூடாது.

ஆனால் கதவின் உள்பக்கத்தில் இரண்டு இடங்களில் மட்டும் வார்னிஷ் நிற்க மாட்டேன் என்றது. பூசியதும் விலகி, மீன்கண் போலக் குழி குழியாக ஒதுங்கியது. மூன்று தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, மறுபடி பூசியாயிற்று. மூன்று தடவையும் அதே குழிகள்.

"நாற்காலிக் கைப்பிடியில இப்படி வரும். வருஷக்கணக்கா கை பட்டுப்பட்டு எண்ணெய் மரத்துக்குள்ள இறங்கிடும். கதவுக்கு உள்பக்கம் எப்படி வந்துச்சுன்னுதான் புரியலை."

செத்துப்போன முதல் மருமகள் தலையில் எண்ணெய் வழிய வழிய வைப்பாள், துணி எடுக்கும்போது பட்டிருக்கும் என்றாள் அம்மாள். "காய்ச்சல்ல போய் ரெண்டு வருஷமாச்சு. அவ எண்ணெய் இன்னும் போகலை பாருங்க." சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

துணி எடுப்பவள் கை மேலேதானே படும்? இந்தத் திட்டுகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. இந்தப் பாதியில் தட்டுகளும் இல்லை.

சரி, பின்பலகையையாவது முடிப்போம் என்று டார்ச்சோடு உள்ளே நுழைந்து உட்கார்ந்தார். முழங்கால்களை மார்போடு மடக்கினால்தான் இடம் போதுமானதாக இருந்தது. நேற்றுப் பூசிய பின்பலகையிலும் வட்டமாக ஒரு குழித்திட்டு. கதவை ஒருக்களித்து இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். தலை அந்த வட்டத்தில் போய்ப் பதிந்தது. கைகளை நீட்டினார். இரண்டு உள்ளங்கைகளும் கதவின் இரண்டு திட்டுகளில் அப்படியே பொருந்தின. ஈர வார்னிஷ் விரல்களில் ஒட்டியது.

கதவின் வெளிப்பக்கம் நேற்று அவரே மக்கு வைத்து அடைத்த நான்கு ஆணி ஓட்டைகள் நினைவுக்கு வந்தன. தாழ்ப்பாள் இருந்த இடம். பூட்டு ஒழுங்காக வேலை செய்கிற அலமாரிக்கு வெளித்தாழ்ப்பாள் எதற்கு என்று நேற்று கேட்கத் தோன்றவில்லை.

மெல்ல வெளியே வந்தார். அம்மாள் காபியோடு நின்றாள். அவள் பின்னால், மாப்பிள்ளையாகப் போகிற அவள் மகன்.

"முடிஞ்சுதா சம்பந்தி? அப்பா கையாலதான் பாலிஷ் போடணும்னு உங்க பொண்ணு ஆசைப்பட்டாளாமே."

அவர் வார்னிஷ் டப்பாவை இறுக்கி மூடினார். "அவ இந்த வீட்டுக்கு வரமாட்டாம்மா."