பின்வாசல்

பொழுது சாய்கிறது. மதுரையில் மகாலுக்குப் பக்கத்துச் சந்தில், தன் சொந்த வீட்டுப் பின்வாசலில் ராதாமணி குடத்தோடு நிற்கிறாள். ஒற்றை மகனைச் சென்னையில் டாக்டருக்குப் படிக்க வைக்க, வீட்டை முழுசாக வாடகைக்கு விட்டுவிட்டுக் கொல்லையில் இருக்கும் விறகறைக்குத் தனியாளாகக் குடிபோயிருக்கிறாள். கிணறு வீட்டுக்குள், முற்றத்தில் இருக்கிறது. திறந்த கதவு வழியே விளக்கு வெளிச்சமும் தாளிக்கிற மணமும் வருகின்றன. பிள்ளைகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் சாமி படங்கள் மாட்டியிருந்த ஆணிகளில் யாருடைய சட்டைகளோ தொங்குகின்றன. கூப்பிட வாயெடுத்தவள் அடக்கிக்கொள்கிறாள். குடிவந்த பெண் பார்த்துவிடுகிறாள்.

“உள்ள வாங்கக்கா. சாப்பிடத்தான் உக்காரப் போறோம், நீங்களும் வாங்க.”

“இருக்கட்டும்மா. ஒரு குடம் தண்ணி மட்டும் எடுத்துக்கிடவா?”

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை படிக்கு வெளியிலேயே நிற்கிறாள்.