எங்கயாவது

மாலை தலைக்கு மேலே வந்தபோது தையல்நாயகி கையால் தடுத்தாள்.

ஊர்த் தலைவர் நாட்டார் கலியபெருமாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையை அந்தரத்தில் பிடித்தபடியே நின்றார். மேளம் இரண்டு தட்டுத் தட்டி அடங்கியது.

எல்லையம்மன் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. மூன்று பானைகளில் பொங்கல் கொதித்தது. ஒரு கூரைகூடப் பறக்காத ஊர். கரையில் படகுகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

புயல் இங்கேதான் கரை ஏறும் என்று மூன்று நாளாகச் சொன்னார்கள். நேற்று விடிந்ததிலிருந்து அவள் வேப்பிலையோடு கடலைப் பார்த்து நின்றாள். சாமி வந்து நின்றாள். மழை முகத்தில் அறைந்தது. தொண்டை கிழியும்வரை கத்தினாள்.

இங்க வராத. எங்கயாவது போ.

பொழுது சாய்கிற நேரத்தில் புயல் வடக்கே திரும்பியது.

எங்கயாவது என்பதற்குக் காலையில் ஒரு பெயர் தெரிந்தது. புதுத்துறைமேடு. எட்டு கிலோமீட்டர். மூன்று பேர் போய்விட்டார்களாம். அதில் ஒன்று பிறந்து நாற்பது நாள்கூட ஆகாதது.

"குனி தையலு," என்றார் நாட்டார். "நீ திருப்பி உட்ட புயலு. ஊரு மரியாத பண்ணுது."

அவள் குரல் கரகரத்தது. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

"நான் திருப்புனேன்னா, அங்க தள்ளி உட்டதும் நான்தான். அந்தப் புள்ளயக் கொன்னதும் நான்தான். அதுக்கும் சேத்தா இந்த மால?"

பானை ஒன்று பொங்கி வழிந்தது. குலவையிட வாய் திறந்த பெண்கள் மூடிக்கொண்டார்கள்.

"சாமி காரியத்துல எதுத்துப் பேசாத," என்றார் நாட்டார். "நாம தப்பிச்சோம்ல?"

"அவுங்க தப்பிக்கலயே."

"இப்ப எறங்கிப் போனீன்னா இனிமே இந்த வாசல்ல உன் கைக்கு வேப்பல வராது."

முந்தானையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்தாள். மாலை இருந்த அவர் கையிலேயே வைத்தாள்.

"நீங்களே வச்சிக்குங்க. அடுத்த புயலுக்கு நீங்க நில்லுங்க."

படி இறங்கினாள். அம்மனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மன்மேலும் கொஞ்சம் கோபம் இருந்தது.

புதுத்துறைமேடு போகும் ரோட்டில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, வண்டி போகாது என்றார்கள். கரையோரமாகவே நடந்தாள்.

முதலில் தென்னைகள் முழுசாக நின்றன. அப்புறம் மட்டை இல்லாத தென்னைகள். அப்புறம் வெறும் முண்டங்கள். அதற்கப்புறம் மரமே இல்லை.

புதுத்துறைமேட்டில் ஒரு படகு பள்ளிக்கூடச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஜனங்கள் மணலைத் தோண்டிப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தம் ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது. வீடு என்று சொல்ல அங்கே நாலு கம்பங்கள் இருந்தன.

ஊர்க் கோடியில் ஒரு சின்னக் கோயில். கூரை இல்லை. சுவரில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. வாசலெங்கும் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள், சேற்றில் மிதிபட்ட வேப்பிலை.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இவர்களும் வேண்டியிருக்கிறார்கள்.

கோயில் பக்கத்தில் ஒரு பெண் தனியாகப் பெரிய தகரம் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க முடியவில்லை. விடவும் இல்லை. சுற்றி இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் கிட்டே போகவில்லை.

"யாரு அது?" என்று பாத்திரம் தேடியவளிடம் கேட்டாள்.

"சிந்தாமணி. சாமியாடி. நேத்திக்குப் பூரா நின்னு கத்துனா. ஒண்ணும் பலிக்கல. என்ன பாவம் பண்ணிட்டு வந்து நின்னாளோ. கிட்டப் போவாதக்கா."

அவள் போனாள்.

சிந்தாமணிக்கும் தொண்டை கட்டியிருந்தது. நிமிராமலே கேட்டாள்.

"எந்த ஊரு?"

சொன்னாள்.

தகரம் மணலில் விழுந்தது. சிந்தாமணி நிமிர்ந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"உங்கூருல யாரு வேண்டுனது?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

"நான்தான்."

அடி விழும் என்று நினைத்தாள். முகத்தை விலக்கவில்லை.

அடி விழவில்லை.

"என்னன்னு வேண்டுன?"

"எங்கயாவது போன்னு."

சிந்தாமணி அவளையே பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். அது ஒன்றும் செய்யாததுபோலப் பளபளவென்று கிடந்தது.

"நானும் அதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு மறுபடி தகரத்தின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"கிட்டப் போவாதன்னு சொன்னேன்ல!" பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள். இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன.

தையல்நாயகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மறுமுனையில் கை வைத்தாள்.